ரூபி ஸ்டார்ம்: பெங்களூருப் போட்டி மேசைகளில் ஒரு காம்போ டெக்குடன் நெடுநாள் பழகிய அனுபவம்

மேஜிக்: த கேதரிங் என்னும் கார்டு ஆட்டத்தின் மாடர்ன் என்ற போட்டி வடிவத்தில், கார்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே டர்னில் வெல்லப் பார்க்கும் காம்போ டெக்குகளில் (கார்டுக் கட்டுகளில்) ஒன்றான ஸ்டார்ம் வகை டெக்கைப் பல ஆண்டுகளாகப் பெங்களூருவின் கடைப் போட்டிகளிலும் தகுதிச் சுற்றுகளிலும் ஆடி வருகிறேன். முதலில் நீலமும் சிவப்பும் கலந்த பழைய கிஃப்ட்ஸ் ஸ்டார்மை வைத்திருந்தேன். 2024ஆம் ஆண்டு மாடர்ன் ஹொரைஸன்ஸ் 3 வெளிவந்த பிறகு, இன்று ரூபி ஸ்டார்ம் என்று எல்லோரும் அழைக்கும் வடிவத்துக்கு மாறினேன். இந்த டெக்கை வாங்கலாமா, வாங்கினால் போட்டியில் எதை எதிர்பார்க்கலாம் என்று இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் மேசைக்கு மேசை என்னிடம் கேட்கப்படுவதால், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே டர்னில் இருபது கார்டுகளை வீசி எதிராளியை வீழ்த்தும் காட்சிக்காக இதை வாங்குபவர் இரண்டே மாதத்தில் விற்றுவிடுவார். அந்த டர்னுக்கு முன்னால் வரும் கணக்கையும் காத்திருப்பையும் நேசிப்பவருக்கு இதைவிட நிறைவான டெக் மாடர்னில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்டார்ம் என்ற திறன் 2003இல் ஸ்கர்ஜ் தொகுப்பில் அறிமுகமானது. ஒரு டர்னில் அதற்கு முன் எத்தனை ஸ்பெல்கள் (மந்திரக் கார்டுகள்) ஆடப்பட்டனவோ அத்தனை நகல்கள் அந்தக் கார்டுக்குக் கிடைக்கும். ஒரு பழைய திறன் மீண்டும் ஸ்டாண்டர்டு (அண்மைத் தொகுப்புகளை மட்டும் கொண்ட வடிவம்) தொகுப்புகளில் வருவதற்கான வாய்ப்பை 1 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோலுக்கு, ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் இந்தத் திறனின் பெயரையே சூட்டியிருக்கிறார். 10 என்றால் வரவே வராது என்று கொள்ளலாம். உருவாக்கியவர்களே அஞ்சும் ஒரு திறனை வைத்து ஆடுகிறோம் என்பதை இந்த டெக்கை எடுப்பவர் தொடக்கத்திலிருந்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் விளைவுகளைப் பின்னால் சொல்கிறேன்.

டெக்கின் உயிர்நாடி எட்டுக் கார்டுகளில் இருக்கிறது. சிவப்பு ஸ்பெல்களின் விலையில் ஒரு மானாவை (முதன்மையாக லேண்டு கார்டுகள் தரும், ஸ்பெல்களுக்கு விலையாகக் கொடுக்கும் ஆற்றலை) குறைக்கும் ரூபி மெடாலியன் நான்கு, ஒருமுறை விளைவைத் தந்து முடியும் ஸ்பெல்களான இன்ஸ்டன்ட்டுகளுக்கும் சோர்சரிகளுக்கும் அதே வேலையைச் செய்யும் ரால், மான்சூன் மேஜ் நான்கு. இவற்றில் ஒன்று மேசையில் இல்லாவிட்டால், மானாவைப் பெருக்கித் தரும் ரிச்சுவல் கார்டுகளில் ஒன்றான டெஸ்பரேட் ரிச்சுவலுக்கு இரண்டு மானா கொடுத்து மூன்று பெறுகிறோம். இருந்தால் ஒன்று கொடுத்து மூன்று பெறுகிறோம். இந்த ஒரு மானா வேறுபாட்டில்தான் முழு ஆட்டமும் நிற்கிறது. அறுபது கார்டு டெக்கில் எட்டுப் பிரதிகள் உள்ள ஒன்று தொடக்கக் கையின் ஏழு கார்டுகளில் குறைந்தது ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 65 விழுக்காடு. 2019இல் வந்த லண்டன் முல்லிகன் (தொடக்கக் கையை மாற்றுதல்) விதிப்படி, கையை மாற்றினாலும் மறுபடி ஏழு கார்டுகளைப் பார்த்துவிட்டே ஒன்றை அடியில் வைக்கிறோம் என்பதால், ஒரு முல்லிகனுக்கு மனம் ஒப்பினால் அந்த வாய்ப்பு 88 விழுக்காட்டுக்கு உயர்கிறது. புதிதாக இந்த டெக்கை எடுப்பவர்கள் ரிச்சுவல்கள் நிறைந்த, விலைக் குறைப்பான் இல்லாத ஏழு கார்டுகளை "அழகான கை" என்று வைத்துக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது அழகான கை அல்ல. மாற்ற வேண்டிய கை. மெடாலியனும் இரண்டு லேண்டுகளும் கார்டு தரும் ஒரு ஸ்பெல்லும் உள்ள ஆறு கார்டுகள் அதைவிட மேலானவை.

காம்போ டர்னின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன், ஏனெனில் இந்த டெக்கைப் பற்றிய தவறான எண்ணங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்காததால் வருகின்றன. நாம் முதலில் ஆடுகிறோம், மூன்றாவது டர்ன் வரை ஒன்பது கார்டுகளைப் பார்த்திருக்கிறோம். மூன்று லேண்டுகள், இரண்டாவது டர்னில் இறக்கிய ஒரு மெடாலியன், இரண்டு ரிச்சுவல்கள், ஒரு மானாமார்ஃபோஸ் (இரண்டு மானாவும் ஒரு கார்டும் தருவது), ஒரு பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் (கிரேவ்யார்டில், அதாவது ஆடி முடித்த கார்டுகளின் குவியலில், உள்ள இன்ஸ்டன்ட்டுகளையும் சோர்சரிகளையும் ஃப்ளாஷ்பேக் என்ற முறையில் மறுபடி ஆட விடுவது), ஒரு விஷ் (சைட்போர்டிலிருந்து, அதாவது டெக்குக்கு வெளியே வைத்திருக்கும் மாற்றுக் கார்டுகளிலிருந்து, ஒன்றை ஆட விடுவது). எதிராளியின் உயிர்ப்புள்ளி 20. மூன்று மானாவில் தொடங்கி இரண்டு ரிச்சுவல்களையும் ஆடினால் ஏழாகிறது. மானாமார்ஃபோஸ் அதை எட்டாக்கி ஒரு கார்டும் தருகிறது. பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸுக்கு மூன்று போக மிச்சம் ஐந்து. இப்போது கிரேவ்யார்டில் உள்ள மூன்றையும் ஃப்ளாஷ்பேக்கில் மறுபடி ஆட, மானா பத்துக்கு உயர்கிறது. விஷ்ஷுக்கு இரண்டு கொடுத்து, சைட்போர்டிலிருந்து, ஸ்டார்ம் திறனும் ஒரு சேதமும் உள்ள கிரேப்ஷாட்டை ஒரு மானாவுக்கு ஆடினால் அது அந்த டர்னின் ஒன்பதாவது ஸ்பெல். எனவே சேதம் ஒன்பதே.

இந்த இடத்தில்தான் பலர் "பதினொன்று குறைகிறதே" என்று மனம் தளர்ந்து, தொடங்காமலேயே டர்னை முடித்துவிடுகிறார்கள். ஆனால் கையில் இன்னும் ஏழு மானா மிதக்கிறது. நான்கு மானா கொடுத்துப் பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸை அதன் சொந்த ஃப்ளாஷ்பேக்கில் ஆடினால், ஏற்கெனவே கிரேவ்யார்டுக்குப் போய்விட்ட கிரேப்ஷாட்டும் மறுபடி ஆடத்தக்கதாகிறது. மிச்சமுள்ள மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் அது பதினொன்றாவது ஸ்பெல், பதினொரு சேதம், மொத்தம் சரியாக 20. எதிராளி ஒரு புள்ளி கூடுதலாக வைத்திருந்தாலும் கவலையில்லை. முதலில் விஷ்ஷையும் ஃப்ளாஷ்பேக்கில் ஆடிவிட்டுப் பிறகு கிரேப்ஷாட்டை ஆடினால் 21 வரும், மானா ஒன்றுகூட மிஞ்சாது. மானாமார்ஃபோஸ் இரு முறை எடுத்துத் தந்த இரண்டு கார்டுகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தனையும் தொடக்கத்திலேயே தெரிந்த கார்டுகளை மட்டும் வைத்துக் கிடைத்த முடிவு. தனியாக மேசையில் டெக்கைப் பரப்பி இத்தகைய கணக்குகளைப் பலமுறை போட்டுப் பார்த்தவருக்கு, போட்டியில் எதிராளி முகத்தைப் பார்க்கும் நேரம் கிடைக்கிறது. அப்படிப் பழகாதவர் அந்த நேரம் முழுவதையும் கூட்டல் கழித்தலிலேயே செலவழித்துவிடுகிறார்.

இந்தக் கணக்கின் பலவீனமும் அதிலேயே தெரிகிறது. பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் இரண்டு முறை ஆடப்படும் வழியில் கிரேவ்யார்டு ஒரு நொடி காலியானாலும் எல்லாம் முடிந்தது. கிரேவ்யார்டிலிருந்து கார்டுகளை அகற்றும் ரெஸ்ட் இன் பீஸ், சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்‌ஷன் போன்ற கார்டுகளை எதிர்கொள்வது இப்படித்தான் வலிக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பெல் ஆடினால் ஒவ்வொன்றுக்கும் விலையை ஏற்றிக்கொண்டே போகும் டாம்பிங் ஸ்ஃபியர், கையிலிருந்து அன்றி வேறெங்கிருந்தும் ஆட விடாத ட்ரானித் மாஜிஸ்ட்ரேட் ஆகியவை வேறு விதமான சுவர்கள். ஒரு ஸ்பெல்லை ரத்து செய்யும் வழக்கமான கவுண்டர்ஸ்பெல் மட்டும் கிரேப்ஷாட்டைத் தடுக்காது, ஏனெனில் மூலக் கார்டு போனாலும் நகல்கள் நிற்கும். ஆனால் கன்ஸைன் டு மெமரி, ஸ்டார்ம் என்னும் தூண்டல் திறனையே நீக்கிவிடுவதால், பதினைந்து சேதம் வர வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று வரும். நீல டெக்குக்கு எதிராக முதலில், அந்த டர்னில் எதிராளியை ஸ்பெல் ஆட விடாத ஓரிம்ஸ் சான்ட் ஆடி அவர் வாயை அடைத்த பிறகே தொடங்குவது என் வழக்கம்.

பெங்களூருவில் ஆடும்போது இந்தத் தடுப்புக் கார்டுகளின் எடை கூடுகிறது. இங்கே மாடர்ன் ஆடுபவர்களின் வட்டம் சிறியது. கடைப் போட்டிக்கு இருபது பேர் வந்தால் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் டெக் எதுவென்று ஜோடி அறிவிக்கப்படும் முன்பே தெரியும். பெரிய வெளிநாட்டுப் போட்டிகளில் முதல் ஆட்டத்தில் ஒரு காம்போ டெக்குக்குக் கிடைக்கும் மறைவு இங்கே கிடைக்காது. எதிராளி தன் தொடக்கக் கையை எனக்கெதிராகவே தேர்ந்தெடுப்பார். சைட்போர்டில் கிரேவ்யார்டு தடுப்புகள் இரண்டுக்குப் பதில் நான்கு இருக்கும். இதற்கு நான் கண்ட சிறந்த பதில், சைட்போர்டு மாற்றிய பிறகு கிரேவ்யார்டை முழுவதுமாக மறந்துவிடுவது. விஷ் வழியாக, ஸ்டார்ம் திறனோடு இரண்டு கோப்ளின்களைத் தரும் எம்ப்டி த வாரன்ஸை எடுத்து, ஆறு ஸ்பெல்களுக்குப் பிறகு ஆடினாலும் பதினான்கு கோப்ளின்கள் கிடைக்கின்றன. ரெஸ்ட் இன் பீஸை மேசையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவருக்கு இரண்டாவது டர்னிலோ மூன்றாவது டர்னிலோ வரும் அந்தப் படையைச் சமாளிக்கக் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை, ஏனெனில் சிறு கிரியேச்சர்களை அழிக்கும் கார்டுகளை அவர் சைட்போர்டுக்கு அனுப்பியிருப்பார்.

பழைய வடிவத்தோடு ஒப்பிட்டு ஒரு சொல். கிஃப்ட்ஸ் ஸ்டார்மில் விலைக் குறைப்பான்களான பாரலும் கோப்ளின் எலக்ட்ரோமான்ஸரும் கிரியேச்சர்கள் (உயிரினக் கார்டுகள்). மூன்று சேதம் தரும் லைட்னிங் போல்ட் ஒன்றால் என் டர்னே போய்விடும். மெடாலியன் ஆர்டிஃபாக்ட் (பொருள் வகைக் கார்டு) என்பதால் முதல் ஆட்டத்தில் அதைத் தொடக்கூடிய கார்டு பெரும்பாலான டெக்குகளில் இல்லை. அதே வேளையில், கிஃப்ட்ஸ் அன்கிவனில் நான்கு கார்டுகளைத் தேடி எதிராளி எதைக் கிரேவ்யார்டுக்கு அனுப்பினாலும் எனக்கு ஒன்றுதான் என்ற நிலையை அமைக்கும் அந்தச் சுகம் இதில் இல்லை. ரெக்லெஸ் இம்பல்ஸும் ரென்ஸ் ரிசால்வும் மேலிருந்து இரண்டு கார்டுகளைத் திறந்து காட்டும். வந்ததை வைத்துச் சமைக்க வேண்டும். வேகத்தில் புதியது மேல், நுட்பத்தில் பழையது மேல் என்பேன். போட்டியில் வெல்ல வேண்டுமானால் புதியதையே எடுங்கள்.

நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு ரவுண்டுக்கு ஐம்பது நிமிடம், அதற்குப் பின் ஐந்து கூடுதல் டர்ன்கள். காம்போ டர்ன் நீளமானது. அதிலும் ரால் மேசையில் இருந்தால், என் டர்னில் ஆடும் ஒவ்வொரு இன்ஸ்டன்ட்டுக்கும் சோர்சரிக்கும் ஒரு நாணயம் சுண்ட வேண்டும், தோற்றால் எனக்கே ஒரு சேதம். நான் ஒரு தாளில் ஸ்டார்ம் எண்ணிக்கையைக் கோடுகளாகப் போடுகிறேன். மிதக்கும் மானாவைச் சிவப்பு டைஸ்களில் வைத்து, ஒவ்வொரு ஸ்பெல்லுக்குப் பிறகும் வாய்விட்டுச் சொல்கிறேன். எதிரே கன்னடம் பேசுபவரோ இந்தி பேசுபவரோ இருந்தால் எண்களை ஆங்கிலத்திலும், தமிழர் என்றால் "ஏழு மிதக்குது, கவுண்ட் நாலு" என்று தமிழிலும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இது மரியாதைக்காக மட்டும் அல்ல. எதிராளிக்கு எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தால் அவர் எங்கே குறுக்கிடலாம் என்று விரைவாக முடிவெடுப்பார், ஜட்ஜை அழைக்க வேண்டிய தேவையும் வராது.

எதிராளி டர்னின் நடுவில் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. காவேரி எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து வந்திருந்த ஓர் இளைஞர், "அண்ணா, முழுசா ஆடிக் காட்டுங்க, எனக்கு இந்த டெக் ஓடி நான் பார்த்ததே இல்ல" என்றார். அது அவருடைய உரிமை. கடைசி நகல் வரை ஆடிக் காட்டுவது நம் கடமை. அதற்கான நேரத்தை முன்கூட்டியே சேமிக்க வேண்டும் என்பதால், காம்போ அல்லாத டர்ன்களை நான் மிக வேகமாக ஆடுகிறேன்: லேண்டு, மெடாலியன், முடிந்தது. மெதுவாக ஆடுவதற்கான எச்சரிக்கை கூடுதல் டர்ன்களிலும் பொருந்தும். ஆனால் அந்த ஐந்து டர்ன்கள் வேறு எந்த டெக்கையும்விட இதற்கே அதிகம் உதவுகின்றன, ஏனெனில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு டர்ன்.

செலவைப் பொறுத்தவரை இது நடுத்தரம். ரிச்சுவல்கள், மானாமார்ஃபோஸ், ரெக்லெஸ் இம்பல்ஸ், ரென்ஸ் ரிசால்வ் எல்லாம் காமன் கார்டுகள். பெங்களூரு ஆட்டக்காரர்களின் பெட்டிகளில் கேட்டாலே கிடைக்கும். பணம் போவது லேண்டுகளுக்கும் மெடாலியனுக்கும். லேண்டுகள் வேறு டெக்குகளுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை முதலில் வாங்குங்கள். ஃபாயில் கார்டுகளைத் தவிர்க்கவும். மழைக்காலத்தில் அவை வளைந்துகொள்கின்றன, வளைந்த கார்டு போட்டியில் அடையாளமிட்ட கார்டாகக் கருதப்படலாம்.

தடை என்னும் அபாயம் எப்போதும் உண்டு. இந்த வகை டெக்கிலிருந்து சீத்திங் சாங் 2013 ஜனவரியிலும், கிட்டாக்ஸியன் ப்ரோப் 2017 ஜனவரியிலும் மாடர்னில் தடை செய்யப்பட்டன. எக்ஸ் (Eggs, முட்டைகள்) என்று அழைக்கப்பட்ட காம்போ டெக்கின் நீண்ட டர்ன்கள் போட்டிகளையே தாமதப்படுத்தியதால் செகண்ட் சன்ரைஸும் 2013இல் தடைக்குள்ளானது. 2025 மார்ச் இறுதியில் அண்டர்வர்ல்டு ப்ரீச் போனது. ஒரு காம்போ நன்றாக ஓடினால் அதன் மேல் கண் விழும் என்பது இந்த ஆட்டத்தின் வரலாறு. ஆனாலும் தடைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஸ்டார்ம் வேறொரு வடிவில் திரும்பியிருக்கிறது, அதைத் திரும்பக் கட்டியவர்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்த தகுதிச் சுற்றுக்கும் இதையே எடுத்துச் செல்கிறேன். ஒரே மாற்றம்: இங்கே டாம்பிங் ஸ்ஃபியர் பெருகிவிட்டதால், விஷ் வழியாக எடுக்கும் இலக்குகளில் ஒன்றைக் குறைத்து, ஆர்டிஃபாக்டையும் என்சான்ட்மென்டையும் அழிக்கும் வேர் // டேர் கார்டைச் சைட்போர்டில் இரண்டாக்கியிருக்கிறேன்.