ஆன்லைன் கூட்டத்துக்குக் குறிப்பு எடுக்க எது சரி: நோட்டா, ரெக்கார்டிங்கா, ஏஐயா, கூகுள் டாக்ஸா?

எங்கள் ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் செயற்குழு உறுப்பினர்கள் 11 பேர். நாலு பேர் ஊரிலேயே, மூன்று பேர் சென்னையில், இரண்டு பேர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை 7 மணிக்கு கூகுள் மீட்டில் கூடுவோம். சிங்கப்பூரில் அப்போது இரவு 9:30, டொராண்டோவில் காலைக் காபி நேரம். நான் செயலாளர், அதனால் மினிட்ஸ் எழுதுவது என் பொறுப்பு.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் கூட்டத்தில் பள்ளி நூலகத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினோம். "மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாம்" என்றார் ஒருவர். "ஆமா, கையோட எஸ்டிமேட்டும் வாங்கிடலாம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சரி சரி என்றோம். அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது, இரண்டு அலமாரிப் புத்தகங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மேஸ்திரியை யாருமே கூப்பிடவில்லை. பொருளாளர் கூப்பிடுவார் என்று ஊரில் இருந்தவர்கள் நினைத்தார்கள், ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பொருளாளர் நினைத்தார். அந்தக் கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன்: "நூலகக் கூரை பழுது குறித்து விவாதிக்கப்பட்டது." இவ்வளவுதான். அந்த வரி இன்னும் என்னை உறுத்துகிறது.

நாம் பேசும் தமிழே இதற்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். காட்டிடலாம், வாங்கிடலாம், சொல்லிடலாம், பண்ணிடலாம். இந்த வினைகளுக்கு எழுவாய் வேண்டியதில்லை. யார் வாங்குவது என்று சொல்லாமலே வாக்கியம் அழகாக முடிந்துவிடும், கேட்கிறவர்களுக்கும் வேலை நடந்துவிட்ட திருப்தி வந்துவிடும். நேரில் உட்கார்ந்திருந்தால் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து "அப்போ நீதானே?" என்று கேட்டுவிடுவோம். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் இருக்கும் கூட்டத்தில் அது நடப்பதில்லை. ஆகவே எந்த முறையில் குறிப்பு எடுக்கலாம் என்று பார்க்கும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: இந்த "லாம்" எல்லாவற்றுக்கும் அது ஒரு பெயரையும் தேதியையும் பிடித்துத் தருகிறதா?

அதற்கப்புறம் பல முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு கூட்டத்தை மட்டும் வேண்டுமென்றே நாலு முறையிலும் ஒரே சமயத்தில் பதிவு செய்தோம். நான் கூகுள் டாக்ஸில் டைப் செய்தேன், துணைச் செயலாளர் நோட்டில் எழுதினார், சிங்கப்பூர் நண்பரின் கட்டணக் கணக்கில் ரெக்கார்டிங் ஓடியது, பிறகு அந்த ஒலியை ஒரு ஏஐ கருவியிடம் கொடுத்துத் தமிழில் சுருக்கச் சொன்னோம். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகுதான். அன்று பேசியதில் ஒன்று பள்ளிக்குப் புது ஆர்ஓ மெஷின் வாங்குவது. அந்த ஒரு விஷயம் நாலு இடத்திலும் எப்படி வந்தது என்று பாருங்கள்.

நோட்டில்: "ஆர்ஓ. பொருளாளர் தயக்கம். அடுத்த கூட்டம்."

ரெக்கார்டிங்கில்: 41ஆவது நிமிஷத்திலிருந்து 53ஆவது நிமிஷம் வரை.

ஏஐ தந்தது: "புதிய ஆர்ஓ இயந்திரம் வாங்க உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டனர். விலைப்பட்டியல் பெறப்படும்."

டாக்ஸில்: "ஆர்ஓ: இப்போது வாங்கவில்லை. பழைய மெஷினைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று துணைத் தலைவர் தலைமையாசிரியரிடம் கேட்டு 15ஆம் தேதிக்குள் குழுவில் சொல்வார்."

ஏஐ எழுதியதுதான் இதில் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுதான் தப்பு. பொருளாளர் அன்று சொன்ன வார்த்தை "பார்க்கலாம்". அவரை இருபது வருஷமாகத் தெரிந்த எங்கள் எல்லோருக்கும் அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம் தெரியும். அவர் இழுத்த இழுப்பிலேயே தெரியும். கருவிக்கு அது சம்மதமாகக் கேட்டிருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படி ஒரு வரி குழுவுக்குப் போய், வராதவர்கள் அதை நம்பி, ஒருவர் கடைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. அது செய்யும் வேலை பெரிய வேலை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியை ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. அது 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது, அதற்குத் தெரிந்த மொழிகளில் தமிழும் உண்டு. ஒலிக்கோப்பை வெளியே எங்கும் அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே ஓட்டலாம் என்பது சங்கம் மாதிரி இடங்களுக்கு நல்ல வசதி. ஜூம் 2023இலிருந்து ஏஐ கம்பேனியன் தருகிறது, கூகுள் மீட்டிலும் கட்டணத் திட்டங்களில் ஜெமினி குறிப்பெடுக்கும் வசதி இருக்கிறது. முழுக்க ஆங்கிலத்தில், ஒருவர் முடித்த பின் ஒருவர் பேசும் அலுவலகக் கூட்டம் என்றால் இவை நன்றாகவே உதவும். நம் கூட்டங்கள் அப்படியில்லை. ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் கலக்கும், இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவார்கள், பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். விஸ்பர் மாதிரிக் கருவிகள் சில நேரம், முக்கியமாக மௌனமான இடங்களில், யாரும் சொல்லாத வாக்கியங்களைத் தாமாகவே எழுதிவிடுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் ஏஐ தந்ததை வரிவரியாகச் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. சரிபார்க்க, கூட்டத்தில் இருந்த ஒருவரே மறுபடி உட்கார வேண்டும். எங்கள் 80 நிமிஷக் கூட்டத்தின் சுருக்கத்தைச் சரிபார்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். நாங்கள் பார்த்த எந்தக் கருவியும் கூட்டத்தின் நடுவில் குறுக்கிட்டு "யார் வாங்குவது? எப்போதுக்குள்?" என்று கேட்பதில்லை. பேசியதை எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. நூலகக் கூரைக் கூட்டத்தில் அது இருந்திருந்தால் "எஸ்டிமேட் பெறப்படும்" என்று சுத்தமாக எழுதிக் கொடுத்திருக்கும், புத்தகங்கள் அப்போதும் நனைந்திருக்கும்.

ரெக்கார்டிங் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் மீட் இலவசக் கணக்கில் அந்த வசதியே கிடையாது, மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிஷத்தில் கூட்டமும் முடிந்துவிடும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிஷம்தான், ஆனால் கணினியில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தால் மட்டும் என்ன? வராதவருக்காகத்தான் குறிப்பு, அவர் ஒன்றேகால் மணி நேர வீடியோவைப் பார்க்கப் போவதில்லை. நாங்கள் போட்ட மூன்று ரெக்கார்டிங்கில் ஒன்றைக்கூட யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். போதாததற்கு, பதிவு ஓடுகிறது என்று தெரிந்தவுடன் இரண்டு பெரியவர்கள் வாயே திறக்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று பிற்பாடு தகராறு வந்தால் ஆதாரமாக உதவும், அவ்வளவுதான்.

நோட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையால் எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுத முடியாது, அதனால் எது முக்கியம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்கிறார். "பொருளாளர் தயக்கம்" என்ற இரண்டு வார்த்தையில் ஏஐ தவறவிட்டது அத்தனையும் இருக்கிறது. மகளிர் குழுக்களில் தீர்மான நோட்டை எழுதி, அங்கேயே வாசித்து, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள், அது அருமையான பழக்கம். ஆன்லைனில் அந்த வாசிப்பும் கையெழுத்தும் இல்லாமல் போய்விடுகின்றன. நோட்டு ஒருவர் வீட்டு மேஜையில் இருக்கிறது, அவர் என்ன எழுதுகிறார் என்று மற்ற பத்துப் பேருக்குத் தெரியாது. அப்புறம் டைப் செய்து அனுப்புகிறேன் என்பார், அந்த அப்புறம் வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் அவரவர் மனதில் வேறு வேறு கூட்டம் நடந்து முடிந்திருக்கும்.

கூகுள் டாக்ஸ் முறை ஜெயித்தது மென்பொருளின் பெருமையால் இல்லை. எழுதுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால்தான். ஸ்கிரீன் ஷேர் போட்டு, எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்வேன். போனில் பார்க்கிறவர்களுக்கு மீட்டையும் ஆவணத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது கஷ்டம், எழுத்துச் சின்னதாக இருந்தால் ஷேர் போட்டும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு விஷயமும் முடியும்போது முடிவை ஒரு வரியாக டைப் செய்து, பெயரும் தேதியும் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, சத்தமாக வாசிப்பேன். "துணைத் தலைவர்... எத்தனாம் தேதிக்குள் அண்ணே?" திரையில் அந்தக் காலி இடம் தெரியும்போது யாராலும் அடுத்த விஷயத்துக்குத் தாவ முடிவதில்லை. யாராவது ஒருவர் "சரி, நானே பார்க்கிறேன், 15ஆம் தேதி போட்டுக்கோ" என்பார். பொருளாளரின் "பார்க்கலாம்" வந்ததும் "இப்போது வாங்கவில்லை என்று எழுதட்டுமா?" என்று கேட்டேன், "எழுது" என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்த முறையின் பக்கம் நிற்கிறேன்.

இது ஒன்றும் புதுசு இல்லை. வீடியோ கூட்டங்கள் இவ்வளவு பரவலாவதற்கு முன்பே, டெபியன், ஃபெடோரா மாதிரிக் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் ஐஆர்சி என்ற எழுத்து அரட்டையில் கூட்டம் போட்டு மீட்பாட் என்ற நிரலை வைத்துக் குறிப்பு எடுத்தார்கள். 'அக்ரீட்' என்று தொடங்கும் கட்டளையை அடித்தால் அந்த வரி முடிவாகப் பதியும், 'ஆக்‌ஷன்' என்று அடித்து ஆள் பெயரைப் போட்டால் அவர் கணக்கில் வேலையாக ஏறும், கூட்டம் முடிந்ததும் சுருக்கம் தானாக வந்து விழும். எது முடிவு என்று மனிதர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் அறிவித்தார்கள், இயந்திரம் அதைத் தொகுத்தது. இந்த வேலைப் பங்கீடு எனக்கு இன்றைய ஏஐ முறையைவிட நியாயமாகப் படுகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி குழுக்களிலும் கூட்டத்துக்கு ஒருவர் ஸ்கிரைப் என்று அமர்ந்து, எல்லோரும் பார்க்க எழுதுவார்.

டாக்ஸ் முறையில் குறை இல்லாமல் இல்லை. டைப் செய்கிறவர் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது, இது உண்மையான இழப்பு. நாங்கள் மாதத்துக்கு ஒருவர் என்று சுற்றுமுறை வைத்துக்கொண்டோம், கூட்டத்தை நடத்துகிறவர் மட்டும் எழுதக் கூடாது. தமிழில் வேகமாக டைப் செய்யத் தெரிந்தவர்கள் எங்களில் நாலு பேர்தான். எல்லோருக்கும் எடிட் அனுமதி கொடுத்தால் கூட்டம் முடிந்த பிறகு வாக்கியங்கள் மாறும். அதனால் முடிந்தவுடன் கருத்துச் சொல்லும் அனுமதியாக மாற்றிவிடுகிறேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிப்பு வரலாற்றில் பார்க்கலாம் என்பது பணக் கணக்கு வரும் குறிப்புக்குப் பெரிய ஆறுதல். கூகுள் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு, இணையத்தில் சேர்ந்து எழுத ஈதர்பேட் இருக்கிறது. லாகின் தேவையில்லை, ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். ஆனால் பொதுத் தளங்களில் லிங்க் கிடைத்த யாரும் மாற்றலாம், எங்கள் மாதிரி பணம் பேசும் குழுவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இனி, பகிர்வது. எடுத்த குறிப்பு போய்ச் சேராவிட்டால் எடுத்தும் பயனில்லை. பிடிஎஃப் ஆக்கி மெயில் அனுப்பிப் பார்த்தோம், மெயில் திறக்கிறவர்கள் மூன்று பேர். வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் போட்டோம், பெரியவர்களுக்கு "அனுமதி கேளுங்கள்" என்ற திரை வந்தது, அங்கேயே மூடிவிட்டார்கள். இப்போது முடிவுகளையும் வேலைகளையும் மட்டும் ஏழெட்டு வரியாக நேரடியாக மெசேஜில் ஒட்டுகிறேன், வரியின் தொடக்கத்திலேயே ஆள் பெயர், அதுவும் தடித்த எழுத்தில். முழுக் குறிப்பின் லிங்க் கடைசியில். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும், அதனால் கூட்டத்தை மூடுவதற்கு முன்பே அனுப்பி, "எல்லோரும் பாருங்கள், தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவேன். பிறகு அதை 30 நாள் குழுவின் மேலேயே தெரியும்படி 'பின்' (pin) செய்துவிடுவேன். கிட்டத்தட்ட அடுத்த கூட்டம் வரைக்கும் அங்கேயே நிற்கும்.

கம்பெனி இயக்குநர் கூட்டம் என்றால் இதெல்லாம் போதாது, அங்கே சட்டம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் பதிவாக வேண்டும். வீடியோ வழியாக நடந்த கூட்டத்துக்கு 15 நாளுக்குள் வரைவைச் சுற்றுக்கு விட வேண்டும், இயக்குநர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், பதிவையும் பத்திரமாக வைக்க வேண்டும். அங்கே ரெக்கார்டிங் கட்டாயத் தேவை, என் ஒப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. குடியிருப்போர் சங்கம், தன்னார்வக் குழு, கோயில் கமிட்டி, சின்ன அலுவலகம் என்று இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஐயை நாங்கள் விட்டுவிடவில்லை. சம்மதம் கிடைத்த கூட்டங்களில் ஒலியை எழுத்தாக்கி வைத்துக்கொள்கிறோம், டைப் செய்யும்போது விட்டுப்போன தொகையோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அதில் தேடிப் பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதியானதும் ஒலியை அழித்துவிடுவோம். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிஷம் போன மாதத்து வரிகளைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பதுதான். முடிந்ததற்கு டிக், முடியாததற்குப் புதுத் தேதி. நூலகக் கூரைக்கு டிக் விழுந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது.