கல்மதிலா, தைலமரமா? எத்தியோப்பியாவின் கோயில் காடுகள்

வடக்கு எத்தியோப்பியாவின் தெற்கு கோண்டர் பகுதியில் பழைய காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். சுற்றிலும் உழுத நிலம். நடுவே வட்டமான ஆலயம், அதைப் போர்த்தி நிற்கும் காட்டு ஒலிவமும் ஜூனிப்பரும். ஏதேன் தோட்டத்தின் சாயல் என்று நம்பி எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் வழிவழியாகக் காத்த மரங்கள். அவற்றைச் சுற்றி இன்று என்ன செய்வது?

தைலமரம் நடுவது ஒரு வழி. இரண்டாம் மெனெலிக் பேரரசர் காலத்தில் அந்நாட்டுக்கு வந்த மரம் அது. சில ஆண்டுகளில் வெட்டலாம், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், கம்பும் விறகும் காசாகும். ஏழை ஆலயத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சும். அதன் நிழலில் நாட்டு மரக்கன்று தேறுவது கடினம்.

இன்னொன்று கல்மதில். காட்டியல் அறிஞர் அலெமாயெஹு வாஸ்ஸியும் அமெரிக்க அறிஞர் மார்கரெட் லோமனும் குருமாரோடு சேர்ந்து முன்னெடுத்த வேலை. உழவர்கள் தங்கள் வயலில் பொறுக்கிய கற்களையே அடுக்குகிறார்கள். வயலும் உழ எளிதாகிறது. மாடு உள்ளே வராததால் மேய்ச்சலுக்கும் மிதிபாட்டுக்கும் தப்பி ஒலிவக் கன்று தலைதூக்குகிறது. தாய்மரங்கள் முதிர்ந்துவிட்ட காட்டுக்கு இதைவிட அவசரம் வேறில்லை. என் ஓட்டு மதிலுக்கே.

மதில் அடுப்பெரிக்காது என்பதும் உண்மை. விறகுக்குத் தைலமரம் வேண்டுமானால் மதிலுக்கு வெளியே, ஊற்றுகளைவிட்டுத் தள்ளி நடட்டும். உள்ளே ஒன்றுகூட வேண்டாம்.