பழைய தையல் மிஷினை விற்கப் படம் எடுப்பது: முற்றத்திலா, அறையிலா, வராந்தாவிலா?

பழைய கால்மிதித் தையல் மிஷினை விற்கப்போவதாகச் சொன்னதுமே "படம் அனுப்புங்கள் அக்கா" என்றுதான் பதில் வருகிறது. மிஷின் நாகர்கோவிலில் இருக்கும். கேட்கிறவர் குலசேகரத்திலோ கருங்கலிலோ இருப்பார். பெரும்பாலும் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்து நாலு காசு சேர்க்க நினைக்கும் பெண். படத்தை நம்பிப் பஸ் ஏறி வந்து, துணியை நகர்த்தும் பல் தேய்ந்த மிஷினைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அவருடைய ஒரு நாள் வேலையும் பஸ் செலவும் வீண். வருகிறவர் நேரில் குனிந்து பார்க்கப்போவதை எந்தப் படம் முன்கூட்டியே காட்டுகிறதோ அதுவே நல்ல படம். இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் எல்லா வழிகளையும் எடைபோடுகிறேன்.

முற்றத்து வெயிலும் அறை வெளிச்சமும்

"நல்ல வெளிச்சம் வேண்டும்" என்று மிஷினை முற்றத்தில் இறக்கி நடுப்பகலில் எடுப்பவர்கள் அதிகம். நம் கன்னியாகுமரி மாவட்டம் இருப்பது ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் ஏறக்குறைய நேராகத் தலைமேல் விழுகிறது. அந்த உச்சியும் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. ஏப்ரலில் 12:20 வாக்கில்தான் வருகிறது. மேலிருந்து விழும் அந்த வெயிலில் ஊசிக்கு மேலாக நீண்டிருக்கும் மிஷின் கையின் நிழல் அப்படியே ஊசி இறங்கும் ஊசித் தட்டின்மேல் படிந்துவிடும். வாங்குகிறவர் முதலில் தேடும் இடமே இருட்டாகிவிடுகிறது. கறுப்பு எனாமலில் சூரியன் வெள்ளைப் பொட்டாகத் தெறித்து, பக்கத்தில் உள்ள கீறல்களை விழுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டின் துருவை மட்டும் வெயில் நன்றாகக் காட்டும். அதற்காக இவ்வளவு கனத்தை வெளியே தூக்க வேண்டியதில்லை.

அறைக்குள் டியூப் லைட்டில் எடுப்பது அதைவிட மோசம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று; பழைய சோக் வைத்த டியூப் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஃபோன் கேமராவோ படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழலாம். ஜன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் சேர்ந்தால் மேஜைப் பலகை ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். இருட்டைச் சமாளிக்க ஃபோனின் ஃபிளாஷைப் போட்டால் பளபளப்பான உடம்பின் நடுவே ஒரு வெள்ளைத் தீப்பொறி நிற்கும். பொன்னிற எழுத்தும் பூவேலையும் அதில் கரைந்துபோகும். ஃபிளாஷை அணைத்தே வைத்திருங்கள்.

என் தேர்வு வராந்தாதான். ஓட்டு வீட்டின் முன்திண்ணையோ, மேல்தளம் நீண்ட கான்கிரீட் வீட்டின் முகப்போ, எதுவானாலும் சரி. மேலே நிழல் இருக்க வேண்டும், ஒரு பக்கம் வானம் திறந்திருக்க வேண்டும், வெயில் நேரடியாக விழக்கூடாது. கிழக்குப் பார்த்த வீட்டுக்கு மாலையும் மேற்குப் பார்த்த வீட்டுக்குக் காலையும் பொருந்தும். தைப்பவர் உட்காரும் பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி மிஷினைத் திருப்பி, ஊசி இருக்கும் இடது முனையைச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். வலது பக்கம் தூண்போல் நிற்கும் பகுதி வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தால் பயனில்லை. எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கையின் அடியில் உள்ள நிழலும் தெளியும். தென்மேற்குப் பருவத்தில் வானம் மூடிக்கிடக்கும் நாள்களில் முற்றமே வராந்தாவாகிவிடுகிறது; தூறல் விழாதவரை அந்த ஒளிக்கு இணை கிடையாது.

ஃபோன் போதுமா?

போதும். தனிக் கேமரா வைத்திருப்பவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் இதற்காக யாரிடமும் இரவல் கேட்க வேண்டாம். கருவியைவிட நிற்கும் இடம் முக்கியம். மிக அருகில் நின்று அகலக் கோண லென்ஸில் எடுத்தால் மேஜையின் முன்விளிம்பு புடைத்து, மிஷின் தலை சிறுத்துப்போகும். நாலைந்து அடி பின்வாங்கி, கேமராவை மேஜை உயரத்துக்கு இறக்கி எடுத்தால் அளவுகள் உண்மையாக இருக்கும். பல், அடிநூல் சுற்றிய பாபின் போன்ற சிறு பாகங்களுக்கு ஃபோனை ஒட்டிவைத்தால் படம் மங்கும். ஒரு சாண் தள்ளி எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது நல்லது.

துடைப்பதா, அப்படியே விடுவதா?

இதில் இரண்டு கட்சி உண்டு. தூசியோடு காட்டினால்தான் நேர்மை என்பது ஒரு கட்சி. பெயின்ட் அடித்துப் புதிதாக்கிவிட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கட்சியின் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் தூசியும் பழைய எண்ணெய்ப் பிசினும் கீறலை மறைக்கவே செய்கின்றன. இரண்டாவதை முழுதாக எதிர்க்கிறேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருந்த மிஷினில் உப்புக்காற்று சக்கரத்தின் பளபளப்பைக் கடித்திருக்கும். அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் பூசிய படம் அனுபவமுள்ள தையல்காரரின் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஈரமற்ற துணியால் துடையுங்கள், ஊசித் தட்டுக்கு அடியில் அடைந்த பஞ்சை பிரஷால் எடுங்கள், அத்தோடு நிறுத்துங்கள்.

அழகுப் படமா, குறை காட்டும் படமா?

முழு மிஷின் ஒரு படம் போதும். ஒரே கோணத்தில் எட்டுப் படம் அனுப்புவதில் எந்தத் தகவலும் இல்லை. விலையைத் தீர்மானிப்பவை நெருக்கப் படங்கள். ஊசித் தட்டைக் கழற்றிவிட்டுத் துணியை நகர்த்தும் பல்லை எடுங்கள். முனை கூராக இருக்கிறதா, மழுங்கிவிட்டதா என்று தெரிய வேண்டும். தட்டின் துளையைச் சுற்றி ஊசி குத்திய தழும்பு, அடிநூலை மேல்நூலோடு கோக்கும் ஷட்டில், பாபினை வைக்கும் பாபின் கேஸ், மிதிபலகை, பெல்ட் ஆகியவற்றையும் தனித்தனியே எடுங்கள். மேஜையின் அடிப்பலகையை மறக்கவே கூடாது, கரையான் அங்கேதான் ஏறியிருக்கும். சிங்கர் மிஷினானால் வலது பக்கம் அடித்தட்டில் பொறித்த எண் தேவை. 1900 முதல் அதில் ஆங்கில எழுத்து முன்னால் வரும். எந்தக் காலத்து மிஷின் என்பதை அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தைக்கும்போது துணி உரசும் முன்பக்கத்தில் பொன்னிறப் பூவேலை அழிந்திருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள். மிஷின் உழைத்ததற்கு அது சாட்சி. அதனால் தையல் கெடுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது தைத்த துணியின் படம். மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல் போட்டு வெள்ளைக் காடாத்துணியில் ஒரு சாண் நீளம் தைத்து, இரண்டு பக்கத்தையும் எடுங்கள். அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூலின் இறுக்கம் போதவில்லை; மேலே நீலம் தெரிந்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. இரண்டும் தெரியாமல், தையல் ஒரே நீளத்தில் ஓடினால் வாங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய உறுதி வேறில்லை. திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய குறைதான் என்றால் சரிசெய்துவிட்டு மறுபடி தைத்து எடுங்கள்.

நிலைப்படமா, வீடியோவா என்ற கேள்விக்கு இரண்டும் என்றே சொல்வேன். தேய்மானத்தை வீடியோ காட்டாது. சக்கரம் தட்டுவதையும் பெல்ட் வழுக்குவதையும் நிலைப்படம் சொல்லாது. மெதுவாக மிதித்து, பிறகு வேகமாக மிதித்து அரை நிமிடம் எடுத்தால் போதும். பின்னணியில் தொலைக்காட்சியோ பாட்டோ ஓடக்கூடாது. மிஷினின் சத்தமே அங்கே பேச வேண்டும்.

அனுப்பும் வழி

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, பல்லின் முனையெல்லாம் மழுங்கித் தெரியும். 2023 முதல் எச்.டி. என்ற தேர்வு இருக்கிறது, பெரும்பாலும் அதுவே போதும். ஆவணமாக அனுப்பினால் முழுத் தெளிவும் அப்படியே போகும். ஆனால் படத்துக்குள் பதிந்த இருப்பிடக் குறிப்பும் கூடவே போய்விடும். முன்பின் தெரியாதவருக்கு வீட்டின் இருப்பிடத்தைத் தர வேண்டியதில்லை. ஆவணமாக அனுப்ப நினைத்தால் கேமரா அமைப்பில் இருப்பிடத்தை முதலிலேயே அணைத்துவிட்டு எடுங்கள். பின்னணியில் பிள்ளைகளின் முகமோ கதவு எண்ணோ இல்லை என்பதையும் ஒருமுறை பாருங்கள். விலை படிந்து, வருகிற நாள் உறுதியான பிறகு முகவரியை ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம்.