குமேனா மெர்ஃபோக் கமாண்டர் டெக்: யாழ்ப்பாணத்தில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்ட் விளையாட்டில் கடலைக் கருவாக வைத்து டெக் (விளையாடும் கார்ட் கட்டு) கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள்: படத்தில் தண்ணீர் தெரிகிற எல்லாக் கார்ட்டையும் உள்ளே போட்டுவிடுவது. மேசையில் விரித்துப் பார்க்க வடிவாக இருக்கும். விளையாடத் தொடங்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

காரணம் எளிது. மேஜிக்: த கேதரிங்கில் கடல் என்பது இரண்டு வேறு டெக். ஒன்று கிராக்கன், லெவியாதன், ஆக்டோபஸ், செர்பென்ட் என்ற பெரிய மிருகங்கள். பெரும்பாலானவற்றுக்கு 6, 7, 8 மனா (லேண்ட் கார்ட்கள் தரும் சக்தி) தேவை. மற்றது மெர்ஃபோக் என்ற கடல்மனிதர்கள். 1, 2, 3 மனாவுக்குக் கிடைக்கிற சின்ன ஆட்கள், எண்ணிக்கையில்தான் பலம். இரண்டையும் பாதிபாதி கலந்தால் தொடக்கத்தில் கையில் பெரிய மிருகங்கள் தேங்கி நிற்கும், கடைசியில் சின்ன மெர்ஃபோக் வந்து பயனில்லாமல் கிடக்கும். 'வெல்மிங் வேவ்' நல்ல உதாரணம்: 4 மனாவுக்கு எல்லா உயிரினங்களையும் உரிமையாளர்களின் கைக்குத் திருப்பி அனுப்பும், மேலே சொன்ன நாலு மிருக வகைகளைத் தவிர. அந்த நாலில் மெர்ஃபோக் இல்லை. படத்தை நம்பி அதைப் போட்டவர் தன் மேசையைத் தானே துடைக்கிறார். மெர்ஃபோக்கையும் விட்டுவைக்கிற 'ஸ்லின் வோடா' இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் வேண்டுமென்றால் கிக்கர் என்ற மேலதிக விலையோடு சேர்த்து 10 மனா. அது வருகிற நேரத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே கருவைப் படத்தில் தேடாமல் டைப் லைனில், அதாவது கார்ட்டின் வகை எழுதிய வரியில், தேடவேண்டும். 'மெர்ஃபோக்' என்று அந்த வரியில் இருந்தால்தான் மற்றக் கார்ட்கள் அதைக் கணக்கில் எடுக்கும்.

கமாண்டர் என்ற ஆட்டவகையின் அடிப்படை தெரிந்ததுதான்: டெக்குக்குத் தலைமை தாங்கும் கமாண்டரோடு சேர்த்து சரியாக 100 கார்ட், அடிப்படை லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் இல்லை, தொடக்க உயிர் 40, ஒரே கமாண்டரிடம் மோதலில் 21 சேதம் வாங்கினால் ஆட்டத்தை விட்டு வெளியே. கமாண்டரின் நிறங்களுக்கு வெளியே எந்தக் கார்ட்டும் போடமுடியாது. நீலம், பச்சை என்று போனால் வெள்ளை மெர்ஃபோக் எல்லாம் கழிந்துவிடும். 'சம்மன் த ஸ்கூல்' நல்ல கார்ட்தான், வெள்ளை, ஆகவே இங்கே இடமில்லை.

கமாண்டர், 2018இல் 'ரைவல்ஸ் ஒஃப் இக்ஸலான்' தொகுப்பில் வந்த 'குமேனா, டைரன்ட் ஒஃப் ஒராஸ்கா'. 3 மனா, 2/4 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 4). மூன்று திறன்கள். வேறொரு மெர்ஃபோக்கை டாப் செய்தால், அதாவது கார்ட்டைக் கிடத்தினால், குமேனாவை அந்த டேர்னில் யாரும் தடுக்கமுடியாது. மூன்றைக் கிடத்தினால் ஒரு கார்ட் எடுக்கலாம். ஐந்தைக் கிடத்தினால் உங்கள் எல்லா மெர்ஃபோக்குக்கும் ஒவ்வொரு +1/+1 கவுண்டர் (இரண்டு பலத்தையும் ஒன்றால் கூட்டும் குறி).

இதில் புதியவர்கள் தவறவிடுவது இரண்டு. முதலாவது, 'வேறொரு' என்ற கட்டுப்பாடு முதல் திறனுக்கு மட்டும்தான். மூன்றுக்கும் ஐந்துக்கும் குமேனாவையே ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்கலாம். இரண்டாவது, புதிதாக இறங்கியவற்றைக் காத்திருக்கவைக்கும் டாப் குறியீடு இந்தத் திறன்களின் விலையில் இல்லை. ஆகவே அந்த டேர்னிலேயே இறங்கிய மெர்ஃபோக்கையும் கிடத்தலாம். முதல் டேர்னில் ஒரு மெர்ஃபோக், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் குமேனா என்று இறங்கினால், உடனேயே மூன்றையும் கிடத்தி ஒரு கார்ட் எடுத்துவிடலாம். எதிராளி குமேனாவைக் கொல்ல முனைந்தாலும் அது சாகுமுன் கிடத்தி எடுக்கலாம். வெறுங்கையோடு போகாது.

நின்று பிடித்த அமைப்பு இது: கமாண்டர் 1, லேண்ட் 36, மெர்ஃபோக் 34, மனா கூட்டும் கார்ட் 8, கார்ட் எடுக்க உதவுபவை 7, அகற்றுபவையும் கவுண்டர்ஸ்பெல்லும் (எதிராளி விளையாடும் கார்ட்டை ரத்துச் செய்பவை) 8, பாதுகாப்பு 3, முடித்துவைப்பவை 3. மெர்ஃபோக்கை 40க்குக் கொண்டுபோக ஆசை வரும். போனால் அகற்றும் கார்ட்கள்தான் குறையும், மேசையில் நின்று தொல்லை தரும் எதிராளியின் ஒரு என்சான்ட்மென்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டிவரும். 28க்குக் கீழே இறங்கினால் ஐந்தைச் சேர்ப்பதே பாடாகிவிடும்.

லேண்ட் 36 என்பதில் கைவைக்கவேண்டாம். "எல்லாம் மலிவான கார்ட்தானே, 33 போதும்" என்பார்கள். நாலாவது டேர்ன் வரும்போது 11 கார்ட் பார்த்திருப்பீர்கள். 99இல் 36 லேண்ட் என்றால் அந்த 11இல் சராசரி சரியாக 4. 33 என்றால் 3.67. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இந்த டெக் ஒரு டேர்னில் இரண்டு மெர்ஃபோக் இறக்கத் தொடங்குவது அந்த நாலாவது லேண்டில்தான். 36ஐ ஐலண்ட் (நீலம்) 12, ஃபொரெஸ்ட் (பச்சை) 9, இரட்டை நிற லேண்ட் 15 என்று பிரிக்கலாம். டாப் ஆகிய நிலையில் இறங்கும் லேண்டை 5க்கு மேல் வைத்தால் இரண்டாவது டேர்ன் வீண். நீலம் கூட இருக்கவேண்டும், ஏனென்றால் முக்கிய லோர்ட்கள் (மற்ற மெர்ஃபோக்குக்குப் பலம் கூட்டும் மெர்ஃபோக்) இரண்டு நீல மனா கேட்பவை.

அந்த லோர்ட்கள்: 'லோர்ட் ஒஃப் அட்லான்டிஸ்' 1993இல் மேஜிக்கின் முதல் தொகுப்பிலேயே இருந்த கார்ட். 'மாஸ்டர் ஒஃப் த பேர்ல் ட்ரைடன்ட்' அதன் பிந்திய வடிவம். இரண்டும் 2 மனா, இரண்டும் மற்ற மெர்ஃபோக்குக்கு +1/+1உம் ஐலண்ட்வோக்கும் கொடுக்கும். ஆனால் பழையது எதிராளியின் மெர்ஃபோக்குக்கும் சேர்த்துக் கொடுக்கும், புதியது உங்களுடையதற்கு மட்டும். மேசையில் இன்னொருவர் மெர்ஃபோக் வைத்திருந்தால் இது ஒரு ஆட்டத்தையே மாற்றும். ஐலண்ட்வோக் நீல எதிராளியிடம் பெரும் ஆயுதம், அவரிடம் ஐலண்ட் வகை லேண்ட் ஒன்று இருந்தாலே உங்களைத் தடுக்கமுடியாது. சிவப்பும் வெள்ளையும் விளையாடுபவரிடம் ஒரு பயனும் இல்லை. இவற்றோடு 'மெர்ஃபோக் மிஸ்ட்பைண்டர்', 'மெரோ ரீஜரி', 'வொடாலியன் ஹெக்ஸ்கேச்சர்' போதும். ஐந்து லோர்டுக்கு மேல் தேவையில்லை. லோர்ட் மட்டும் இறங்கிக் கூட்டம் இறங்காவிட்டால் தலைவன் இருந்து என்ன, ஆள் வேண்டுமே.

கூட்டம் சேர்ப்பதற்கு 'டீப்ரூட் வோட்டர்ஸ்' ஈடில்லாதது. மெர்ஃபோக் ஒன்றைக் காஸ்ட் செய்யும்போதே, அதாவது மனா கொடுத்து விளையாடும்போதே, ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள (எதிராளி குறிவைக்கமுடியாத) 1/1 டோக்கன், அதாவது கார்ட் இல்லாத ஒரு மெர்ஃபோக், வரும். எதிராளி அந்த மெர்ஃபோக்கைக் கவுண்டர் செய்தாலும் டோக்கன் வந்தது வந்ததுதான். 'சில்வர்கில் அடெப்ட்' 2 மனாவுக்கு ஒரு கார்ட் எடுத்துத் தரும், ஆனால் கையில் இன்னொரு மெர்ஃபோக்கைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் கூடுதலாக 3 மனா. எனவே கையைக் கடைசிவரை காலியாக்காதீர்கள்.

விளையாடும் முறையில் எல்லாம் நேரம்தான். கிடத்திய மெர்ஃபோக் தடுக்காது. தன் டேர்னிலேயே ஆசைப்பட்டுக் கிடத்திக் கார்ட் எடுப்பவர் அடுத்த மூன்று பேரிடமும் திறந்த கதவோடு இருக்கிறார். சரியான நேரம், உங்களுக்கு முந்தியவரின் டேர்ன் முடிகிற கட்டம். அதுவரை எல்லோரும் தடுக்க நின்றிருப்பார்கள். அப்போது கிடத்தி எடுத்தால் உடனே உங்கள் டேர்ன், எல்லாம் நிமிர்ந்துவிடும். தாக்கும் டேர்னில், பழைய மெர்ஃபோக் தாக்கட்டும், அன்றைக்கு இறங்கியவற்றையும் டோக்கன்களையும் திறனுக்குக் கிடத்துங்கள். 'சீட்போர்ன் மியூஸ்' இறங்கினால் கணக்கே வேறு: மற்றவர்களின் ஒவ்வொரு டேர்ன் தொடக்கத்திலும் உங்களுடையவை நிமிரும். நாலு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு நாலு தரம் ஐந்தைக் கிடத்தலாம், எல்லோருக்கும் +4/+4. அது மெர்ஃபோக் அல்ல, கருவுக்கு வெளியேதான். இருந்தாலும் இந்த ஒரு விலக்குக்கு இடம் கொடுக்கலாம். அதை எடுத்தால் டெக் பாதியாகிவிடும்.

மண் கவ்வவைப்பது மேசைத் துடைப்புத்தான். எட்டு மெர்ஃபோக் இறக்கிவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கும்போது எல்லா உயிரினங்களையும் அழிக்கிற ஒரு 'ராத் ஒஃப் கோட்' விழுந்தால் மீள்வது கடினம். செத்த குமேனாவை மீண்டும் இறக்கவும் ஒவ்வொரு தரம் 2 மனா கூடும்: 3, 5, 7. 'ஹீரோயிக் இன்டர்வென்ஷன்' அழிவதைத் தடுக்கும். ஆனால் 'டொக்சிக் டெல்யூஜ்' போல −X/−X கொடுப்பதை அது தடுக்காது. ஓவர்லோட் செய்த, அதாவது கூடுதல் மனா கொடுத்து மற்றவர்களின் உயிரினங்களை எல்லாம் ஒரேயடியாகக் கைக்கு அனுப்பவைத்த, 'சைக்லோனிக் ரிஃப்ட்' யாரையும் குறிவைக்காததால் ஹெக்ஸ்ப்ரூஃபும் உதவாது. கைக்குத் திரும்பும் டோக்கன்கள் அப்படியே இல்லாமல்போகும். இந்த இரண்டுக்கும் கவுண்டர்ஸ்பெல் ஒன்றுதான் மருந்து. ஐந்து மெர்ஃபோக் இறங்கிய பிறகு ஆறாவதை இறக்காமல் 2 நீல மனாவை விட்டுவைப்பது பழகவேண்டிய கட்டுப்பாடு. 304 என்ற சீட்டாட்டம் விளையாடிப் பழகிய பெடியளுக்கு இது சுலபமாக வரும். துரும்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா முகத்தோடு இருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

'ஹக்பால் ஒஃப் த சேர்ஜிங் சோல்' நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023இன் 'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஒஃப் த டீப்' ஆயத்த டெக்கின் கமாண்டர் அவர், 4 மனா, அதே இரண்டு நிறம். பலத்தில் குமேனாவுக்குக் குறைந்தவரல்ல, கூடியவர் என்றே சொல்லலாம். ஆனால் உங்கள் ஒவ்வொரு தாக்குதல் கட்டத் தொடக்கத்திலும் எல்லா மெர்ஃபோக்கும் எக்ஸ்ப்ளோர் செய்யும். மேல் கார்ட்டைத் திருப்பு. லேண்ட் என்றால் கைக்கு. இல்லையென்றால் கவுண்டர் வை, பிறகு அந்தக் கார்ட் மேலேயா கல்லறைக்கா என்று முடிவெடு. பத்து மெர்ஃபோக் இருந்தால் இதைப் பத்துத் தரம், ஒன்றன்பின் ஒன்றாக. மற்ற மூன்று பேரும் தேத்தண்ணி போடப் போய்விடுவார்கள். ஆயத்த டெக்கை வாங்கி, அதிலிருந்து லேண்டையும் மெர்ஃபோக்கையும் எடுத்து, குமேனாவைத் தலைமைக்கு வைப்பதுதான் சிக்கனமான வழி.

யாழ்ப்பாணத்தில் கார்ட் சேர்ப்பது கனடா, லண்டனிலிருந்து வாறவர்களின் சூட்கேஸை நம்பித்தான் பெரும்பாலும். பாரம் ஒரு பிரச்சினையில்லை, ஸ்லீவ் (கார்ட் உறை) இல்லாத 100 கார்ட் 200 கிராமுக்குள். உதிரிக் கார்ட்டுக்குப் பட்டியல் அனுப்பும்போது கார்ட்டின் முழுப் பெயரையும் எழுதி, 'ஃபொயில் வேண்டாம்' என்று தனியாகக் குறிப்பிடுங்கள். காரணம் கீழே. கார்ட் வரும்வரை புரொக்சி (அச்சடித்த பதில் கார்ட்) போதும், ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டிகளுக்குத்தான் அது ஆகாது. கார்ட் அளவு 63 × 88 மில்லிமீற்றர், ஒரு ஏ4 தாளில் 9 அடங்கும், 100க்கு 12 தாள். கொமினிகேஷன் கடையில் அச்சடிக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சிறுத்துவரும். சாதாரணத் தாளே போதும், ஸ்லீவுக்குள் ஒரு ஐலண்டை வைத்து அதன் முன்னால் செருகவும். தடித்த மட்டையில் அடித்தால் உண்மையான கார்ட்டோடு சேர்த்துக் கலைக்கும்போது கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஃபொயில் வேண்டாம் என்பது மாரியை நினைத்து. ஃபொயில் கார்ட்டின் முகத்தில் ஈரம் உறிஞ்சாத படலம், பின்னால் கடதாசி. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கடதாசி விரியும், படலம் விரியாது. ஓரங்கள் முகப்பக்கமாக எழும்பிக் கார்ட் குழியும். டெக்கை வெட்டும்போது அந்த இடத்திலேயே கை பிளந்து நிற்கும். எதிரில் இருப்பவருக்குச் சீட்போர்ன் மியூஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ் என்று இரட்டையாகப் போட்டால் வேகம் குறையும், நிற்காது. மூடி இறுகும் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் சமாளிக்கலாம். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது வெறும் மணி. அரிசிக்குள் புதைக்கிற யோசனை தூசிக்கு மட்டுமே உதவும்.

ஸ்லீவ் பளபளப்பில்லாத (மற்) முதுகுள்ளதாக இருக்கட்டும். பளபளப்பானது சித்திரை வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு கார்ட் சேர்ந்து வரும். பி.வி.சி. உறைகளைத் தொடாதீர்கள், பொலிப்ரொப்பிலீன் என்று பார்த்து வாங்குங்கள். 100 கொண்ட ஒரு பெட்டி வாங்கினால் மேலதிகம் ஒன்றுமில்லை. ஒன்று கிழிந்தால் பிறகு வாங்கும் அதே நிறம் சற்று மங்கலாகவோ கடுமையாகவோ இருக்கும், அதுவும் அடையாளம்தான். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டி எடுத்துவிடவேண்டும். மிக்சர் தட்டு மேசைக்கு வெளியே.

விறாந்தையில் விளையாடுபவர்களுக்குச் சோளகக் காற்றுக் காலத்தில் தாள் டோக்கன் நிற்காது. +1/+1 கவுண்டருக்குச் சோகி நல்லது: பாரம் உண்டு, கருவுக்கும் பொருந்தும். ஒரு மெர்ஃபோக்கில் நாலுக்கு மேல் போனால் சோகி சரிந்து விழும், தாயக்கட்டைக்கு மாறுங்கள்.

நாளடைவில் வெளியே போனவை: 'கோட் ஒஃப் ஆர்ம்ஸ்', ஏனென்றால் எதிராளியின் டோக்கன் கூட்டத்தையும் அது வளர்க்கும், 3 மனா கேட்கிற கவுண்டர்ஸ்பெல்கள், ஏனென்றால் அந்த 3 மனா ஒருபோதும் மிஞ்சுவதில்லை. உள்ளே வந்தது 'கின்ட்ரெட் டிஸ்கவரி', 5 மனா. மெர்ஃபோக் இறங்கினாலும் தாக்கினாலும் ஒரு கார்ட். இதில் 'விரும்பினால்' என்ற சொல் கிடையாது, எடுத்தே ஆகவேண்டும். பதினைந்து மெர்ஃபோக்கோடு தாக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் லைப்ரரியை, அதாவது எடுக்க மிஞ்சியிருக்கும் கார்ட் அடுக்கை, எண்ணுங்கள். அது தீர்ந்த பிறகும் கார்ட் எடுக்கவேண்டி வந்தால் அந்தத் தாக்குதலின் நடுவிலேயே தோற்றுப்போவீர்கள்.