‘சியர்ஸ்’ மதுக்கூடத்தில் இரண்டு ஆள்மாற்றங்கள்

1982 முதல் 1993 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 11 சீசன் ஓடிய ‘சியர்ஸ்’ பாஸ்டன் மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். அதில் முக்கியமான இரண்டு பேரின் இடத்தை நடுவழியில் நிரப்ப வேண்டி வந்தது. ஒன்று உடனே பொருந்தியது, இன்னொன்று தடுமாறியது.

மது ஊற்றித் தரும் கோச்சாக நடித்த நிக்கலஸ் கொலசாண்டோ 1985 பிப்ரவரியில் காலமானார். நான்காம் சீசனில் அந்த வேலைக்கு வுடி ஹாரல்சன் வந்தார்; பாத்திரத்தின் பெயரும் வுடிதான். கோச் வயதானவர், வுடியோ இண்டியானாவிலிருந்து வந்த பையன். ஆனாலும் கதையில் இருவருக்கும் ஒரே வேலைதான்: எதிராளி சொல்வதை அட்சரம் பிசகாமல் நம்பிவிடுவது. (இருவரும் ‘பேனா நண்பர்கள்’. கடிதம் எழுதவில்லை, பேனாக்களைத்தான் அனுப்பிக்கொண்டார்களாம்!) அதனால் வாடிக்கையாளர்களான நார்ம், கிளிஃப், பரிமாறும் கார்லா ஆகியோர் பேசும் பாணியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மதுக்கூடத்தின் முதலாளி சாம் மலோனுக்குத்தான் நஷ்டம். குடியை விட்ட முன்னாள் பேஸ்பால் வீரன் அவன். அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் கோச். வுடி வந்தபின் சாமே அண்ணனாக வேண்டியதாயிற்று.

சாமின் காதலியும் அங்கே பரிமாறுபவளுமான டயான் விஷயம் சிக்கலானது. சாமாக நடித்த டெட் டேன்சனையும் டயானாக நடித்த ஷெல்லி லாங்கையும் ஜோடியாகச் சோதித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1987-இல் லாங் விலகியபோது இன்னொரு படித்த வாயாடியைக் கொண்டுவந்திருந்தால் நகலாகத்தான் இருந்திருக்கும். மாறாக, சாம் கடையை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, வாங்கிய படகும் மூழ்கி, புது மேலாளர் ரெபெக்காவிடம் வேலை கேட்டு நிற்கிறான். நல்ல தொடக்கம்தான். ஆனால் ரெபெக்காவாக நடித்த கிர்ஸ்டி அலிக்கு முதலில் எழுதியது விறைப்பான, திறமையான அதிகாரி வேடம். சாம் துரத்த, அவள் மறுக்க, ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வந்தது. அழுது, பதறி, பணக்கார முதலாளிகள் பின்னால் ஓடி அவமானப்படும் ரெபெக்காவை எழுதத் தொடங்கியதும்தான் அலி களைகட்டினார். 1991-இல் எம்மி விருதும் கிடைத்தது. டயானின் சிரிப்பு வசனத்தில் என்றால், ரெபெக்காவின் சிரிப்பு உடம்பில்.

உண்மையில் டயான் விட்டுப்போன வேலையைச் செய்தது ரெபெக்கா அல்ல, ஃப்ரேசியர். டயானின் காதலனாக மூன்றாம் சீசனில் நுழைந்த அந்த மனநல மருத்துவர், அவள் போனபின்பும் தங்கிவிட்டார். மெத்தப் படித்தவரை மதுக்கூடத்து ஆட்கள் கலாய்க்கும் காட்சிகள் அவர்மேல் இறங்கின; லிலித் அவர் மனைவியானதும் இன்னும் சூடுபிடித்தன.

காதல் கதைதான் வேண்டுமென்றால் முதல் இரண்டு சீசன்களை விட்டுவிடாதீர்கள். கூட்டு நகைச்சுவை விரும்புகிறவர்கள், ஆறாம் சீசன் இழுத்தால் தயங்காமல் ஏழுக்குத் தாவலாம்.