அரை மீட்டரில் வண்ணத்துப்பூச்சி: பாப்பிலியோ பைனாகுலர்

பெங்களூரு ஜெயநகரில் இருக்கிறோம். ஞாயிறு காலையில் மகளும் நானும் லால்பாக் பூங்காவுக்கு வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போவது வழக்கம். முதலில் இருந்த பைனாகுலரை ஒரு கடையில் “எல்லாத்துக்கும் ஆகும் சார்” என்று தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மீட்டருக்குள் வந்தால் எல்லாம் கலங்கிவிடும். உண்ணிப்பூவில் பூச்சி உட்கார்ந்தால் நாங்கள் பின்னால் நகரணும். நகர்வதற்குள் அது போயிருக்கும்.

போன வருடம் பென்டாக்ஸ் பாப்பிலியோ வாங்கினேன். ஆறரை மடங்கு பெரிதாக்கும் மாடல், லென்ஸ் 21 மில்லிமீட்டர், எடை 290 கிராம். லத்தீனில் பாப்பிலியோ என்றால் வண்ணத்துப்பூச்சிதான். அரை மீட்டரில் இருப்பதைக்கூடத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வளவு கிட்டத்தில் சாதாரண பைனாகுலர் இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டமாகப் பிரித்துக் காட்டும். இதில் திருகைத் திருப்பத் திருப்ப முன் லென்ஸ்கள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால் படம் பிரிவதில்லை.

இதன் அருமை தெரிந்தது ஒரு கருப்புப் பூச்சியால். கருஞ்சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சி என்று நோட்டில் எழுதப் போனேன். மகள் பைனாகுலரை இறக்காமலே, “அப்பா, உடம்பைப் பாருங்க, கருப்பா இருக்கு” என்றாள். ரோஸுக்கு உடம்பு சிவப்பு. அதன் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று விஷம் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நாங்கள் பார்த்தது அதன் வேஷம் போட்ட, காமன் மார்மன் என்ற வேறு வகையின் பெண் பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுகிற சாது. சிறகு வேஷம் அச்சு அசல், உடம்பில்தான் அகப்பட்டுவிட்டது. அன்றைக்கே பழைய நோட்டை எடுத்து, ரோஸ் என்று எழுதியிருந்த இடமெல்லாம் கேள்விக்குறி போட்டோம்.

அப்புறம் பீ புளூ என்ற வண்ணத்துப்பூச்சி. கிலுகிலுப்பைச் செடியில் உட்கார்ந்துகொண்டு பின்சிறகுகளை மேலும் கீழும் தேய்க்கும். அங்கே கண் மாதிரி இரண்டு கரும்புள்ளி, மீசை மாதிரி மெல்லிய வால். கொத்த வருகிற பறவைக்கு அதுதான் தலை என்று தோன்றுமாம். உண்மையான தலை மறுபக்கம் நிம்மதியாகத் தேன் குடித்துக்கொண்டிருக்கும். பைனாகுலரில் அந்த உறிஞ்சுகுழல் சுருண்டு விரிவது வரை பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. சின்ன லென்ஸ் என்பதால் மரநிழலில் கொஞ்சம் மங்கல்தான். கிட்டேயிருந்து தூரத்துக்குப் போகத் திருகை நிறையச் சுற்ற வேண்டும். மழையில் நனைய விடக்கூடாது. பறவை பார்ப்பதுதான் முக்கியம் என்றால் வேறு வாங்குங்கள். கண்ணாடி போட்ட எனக்கு வசதியாகவே இருக்கிறது, ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டால் போதும்.

வெயில் ஏறி, சிறகு சூடானால்தான் பூச்சிகள் பூவுக்கு வரும். ஒன்பது மணிக்கு மேல் போங்கள். உங்கள் நிழல் பூவின் மேல் விழாமல் நில்லுங்கள்.