தொட்டியில் சாலட் இலை: உதிரி லெட்யூஸா, உருண்டை லெட்யூஸா, ராக்கெட்டா?

தொட்டியில் சாலட் இலை வளர்க்க முனைவோர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: இலைகள் தனித்தனியாக விரியும் உதிரி லெட்யூஸ், முட்டைக்கோசு போல இறுகும் உருண்டை லெட்யூஸ், அருகுலா என்றும் அழைக்கப்படும் காரமான ராக்கெட் கீரை. விதை உறையின் படத்தை நம்பினால் உருண்டை வகைதான் வெல்லும். ஆனால், இடம் குறுகிய தொட்டித் தோட்டத்தில், அதே மண் எவ்வளவு விரைவாக, எத்தனை முறை இலை தருகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.

அந்தக் கணக்கில் உருண்டை வகை பின்தங்கிவிடுகிறது. ஐஸ்பெர்க் போன்றவை முழுமையாக இறுக 70 முதல் 90 நாட்கள் வரை ஆகும். செடிக்குச் செடி 25 முதல் 30 செ.மீ. இடைவெளியும் தேவைப்படுவதால் நடுத்தரத் தொட்டியில் ஒரு செடிக்கு மேல் வைக்க இயலாது. இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஒரே அறுவடை. அதிலும், நீர் ஊற்றுவது ஒழுங்கு தவறினால் உள்ளிலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகும். இதற்குக் காரணம் அந்த இலைகளில் ஏற்படும் கால்சியம் பற்றாக்குறை. கால்சியம் நீரோட்டத்துடன் இலைக்குச் செல்வது. மூடிக்கிடக்கும் உள்ளிலைகளில் நீராவிப்போக்கு குறைவு என்பதால் மண்ணில் கால்சியம் இருந்தாலும் அது அங்கே போதிய அளவு சேர்வதில்லை. இதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவோர் உண்டு. நீரைச் சீராக ஊற்றுவதே அதைவிடப் பயன் தரும்.

உதிரி லெட்யூஸில் சுமார் 30 நாட்களிலேயே இளம் இலைகளைப் பறிக்கலாம். செடி முழு வளர்ச்சி பெற 45 முதல் 55 நாட்கள் ஆகும். பறிக்கும் முறையிலும் இரண்டு வழிகள் உள்ளன. நெருக்கமாக விதைத்து, மண்ணுக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. விட்டுக் கத்தரியால் மொத்தமாக வெட்டுவது ஒன்று. நடுக்குருத்தைத் தொடாமல் வெளி இலைகளை மட்டும் அடியோடு கிள்ளுவது மற்றொன்று. முதல் வழியில் ஒரே நேரத்தில் நிறைய இலை கிடைக்கும், ஆனால் வெட்டு ஆழமாகிக் குருத்தும் போய்விட்டால் செடி மீளாது. இரண்டாவது வழியில் சிறுகச் சிறுகத்தான் கிடைக்கும் என்றாலும் செடி பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் இலை தேவைப்படும் வீட்டுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

வேகத்தில் ராக்கெட்டை எதுவும் நெருங்க முடியாது. ஒரு வாரத்துக்குள் முளைத்து, மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடும். ஆனால் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் தத்துவண்டுகள் இலையைச் சல்லடையாகத் துளைத்துவிடும். விதைத்த அன்றே நெருக்கமான வலையால் மூடினால்தான் பலன் உண்டு, துளைகள் தென்பட்ட பிறகு மூடினால் வண்டுகளும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் லெட்யூஸும் ராக்கெட்டும் பூத்தண்டு விடும். அப்போது லெட்யூஸ் இலை பால் கூடிக் கசந்துவிடும். ராக்கெட்டின் இலையில் காரம் ஏறினாலும் அதன் பூக்களையும் உண்ணலாம் என்பதால் செடி முற்றிலும் வீணாவதில்லை.

வெப்பம் விதைப்பிலும் குறுக்கிடும். மண் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான லெட்யூஸ் விதைகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும். பலர் விதையின் தரத்தைக் குறை சொல்வது இந்த நிலையில்தான். நிழலில் விதைத்து, வெளிச்சம் எட்டும்படி மிக மெல்லிய மண்போர்வை மட்டும் இட்டு, முளைத்த பிறகு வெளிச்சமான இடத்துக்கு மாற்றுவது நல்லது. ராக்கெட் இந்த விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் காட்டாது.

தொட்டியைப் பொறுத்தவரை, இவற்றின் வேர் ஆழமாகச் செல்லாததால் 15 செ.மீ. ஆழம் போதும், ஆழத்தைவிட அகலம் முக்கியம். சுட்ட மண்தொட்டி சுவர் வழியாக நீரை ஆவியாக்கி வேரைக் குளிர்விக்கும், ஆனால் விரைவில் காயும். பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கருநிறமாக இருந்தால் வெயிலில் சூடேறும். தினமும் நீர் ஊற்ற இயலாதவருக்கு வெளிர்நிறப் பிளாஸ்டிக்கே ஏற்றது. எந்தத் தொட்டியானாலும் லெட்யூஸையும் ராக்கெட்டையும் கலந்து விதைக்க வேண்டாம். முந்தி எழும் ராக்கெட், லெட்யூஸ் நாற்றுகளை நிழலில் அமுக்கிவிடும்.